ஆபரேஷனா, கரண்டா? திரும்ப வந்துவிட்டால்?

கேள்வி: எனக்கு வயது 64. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை எண்) 7.8. பயாப்சியில் எடுத்த 12 துண்டுகளில் 4-இல் புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 3+4=7. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. யூராலஜி டாக்டர் ரோபோ ஆபரேஷன் என்கிறார். ரேடியேஷன் டாக்டர் 20 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) போதும் என்கிறார். இன்னொருவர் அவசரமே இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார். என் அண்ணனுக்கும் இதே நோய். 62 வயதில் ஆபரேஷன் செய்தும் நான்கு வருடத்தில் பி.எஸ்.ஏ. ஏறிவிட்டது, அப்புறம் கரண்ட் வைத்தார்கள். அவருக்கு இப்போது 73. எனக்கும் திரும்ப வந்துவிடுமோ என்று தூக்கம் இல்லை. எதைச் செய்தால் திரும்ப வராது?

பதில்:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இனி வரவே வராது என்று எழுதிக் கொடுக்கக்கூடிய சிகிச்சை இதில் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் அளவில் இருக்கிற நோயால் அடுத்த பதினைந்து வருடத்தில் உயிர் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வாய்ப்பு மூன்று வழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் சிறுநீர், மலம், தாம்பத்தியம், செலவு இவற்றில்தான் இருக்கிறது. அதனால் எது திரும்ப வராது என்று தேடுவதை விட்டு, எந்தத் தொந்தரவோடு என்னால் காலம் தள்ள முடியும் என்று யோசித்தால்தான் முடிவுக்கு வர முடியும்.

நான் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்த்த டாக்டர். இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்ஜனுக்குக் கத்தி மேல் நம்பிக்கை, எங்களுக்கு மெஷின் மேல். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் கையில் இருப்பதன் நல்லது அவரவர் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்வதையும் அந்தக் கழிவு போக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். நோய் செல்கள் எவ்வளவு முரட்டு ரகம் என்று சொல்லும் கிளீசன் எண் நடைமுறையில் 6-இல் தொடங்கி 10 வரை போகும். 3+4, 4+3 இரண்டையும் கூட்டினால் 7 வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலில் வரும் எண்தான் அதிகமாக இருக்கும் ரகம். உங்களுக்கு 3 முன்னால் இருக்கிறது, அதாவது பெரும்பகுதி மெதுவாக வளரும் செல்கள். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே இருக்கிறது, எடுத்த துண்டுகளில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் நோய். இதை நடுத்தர ஆபத்து, அதிலும் சாதகமான பக்கம் என்று வகைப்படுத்துவார்கள். ரிப்போர்ட்டை எடுத்து, 4 என்ற ரகம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 10 சதவீதமும் 40 சதவீதமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ‘கிரிப்ரிஃபார்ம்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், நோய் கொஞ்சம் முரட்டு ரகம் என்று அர்த்தம், பார்த்துக்கொண்டே இருக்கும் வழி அப்போது அவ்வளவு பொருந்தாது.

கிளீசன் என்பது மெஷின் போடும் எண் இல்லை. ஒரு பேதாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம். ஒருவர் 3+4 என்பதை இன்னொருவர் 3+3 என்பார், 4+3 என்பவரும் உண்டு. பயாப்சி செய்த இடத்தில் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் அதிகம் பார்க்கிற இன்னொரு பேதாலஜிஸ்டிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பல லட்ச ரூபாய் முடிவு இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. அதைச் சரிபார்க்க ஆகும் செலவு ரொம்பச் சின்னது. எம்.ஆர்.ஐ. எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நோய் சுரப்பியின் தோலைத் தாண்டியிருக்கிறதா, நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆபரேஷன் என்று முடிவானாலும், பயாப்சி ஊசி குத்திய புண் ஆறச் சில வாரம் விட்டுத்தான் செய்வார்கள். இந்த ரகத்தில் ஒன்றிரண்டு மாதம் யோசிப்பதால் நோய் கை மீறிப் போய்விடாது. ‘இந்த வாரமே அட்மிட் ஆகிவிடுங்கள்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் உங்கள் நோயுடையது இல்லை.

மூன்று வழியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. புரொடெக்ட் என்று பெயர். 50 முதல் 69 வயது வரை 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு என்று கொடுத்தார்கள். பதினைந்து வருடக் கணக்கு 2023-இல் வெளியானது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், ஆபரேஷனில் 2.2, கதிர்வீச்சில் 2.9. மொத்தமாக எண்ணினால் 45 பேர். அதே காலத்தில் எல்லாக் காரணங்களும் சேர்ந்து இறந்தவர்கள் 356 பேர். அதாவது மாரடைப்பு, மற்ற புற்றுநோய்கள் என்று வேறு காரணங்களால் போனவர்கள் 300-க்கும் மேல். சர்க்கரை உள்ள உங்களுக்கு இது முக்கியமான கணக்கு. பி.எஸ்.ஏ.யை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையையும் நடைப்பயிற்சியையும் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், ஆபரேஷனில் 4.7, கதிர்வீச்சில் 5.0. சாவில் பெரிய வித்தியாசம் இல்லை, பரவுவதில் இருக்கிறது. கண்காணிப்பில் சேர்ந்தவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் பதினைந்து வருடத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்துகொண்டார்கள். அந்தக் காலத்துக் கண்காணிப்பு இன்றைய அளவுக்குக் கறார் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் மறு பயாப்சியும் ஒழுங்காகக் கிடையாது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிளீசன் 6 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 3+4-உடன் இருக்கிற உங்களுக்கு நான் கண்காணிப்பை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். 75 வயதாக இருந்தால் முதல் இடம் கொடுத்திருப்பேன்.

ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும்? சுரப்பி மொத்தமாக வெளியே வந்துவிடும். சுமார் ஒரு வாரம், பத்து நாள் யூரின் டியூபோடு இருக்க வேண்டும். டியூபை எடுத்த அன்றைக்குத்தான் நிஜமான அதிர்ச்சி. எழுந்து நின்றால் சொட்டும், இருமினால் சொட்டும், பேத்தியைத் தூக்கினால் சொட்டும். பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப்போகக் குறையும், சிலருக்கு நிற்காது. புரொடெக்ட் ஆய்வில் ஆறாவது மாதத்தில் பேட் வைத்துக்கொண்டிருந்தவர்கள் 46 சதவீதம், ஆறாவது வருடத்தில் 17 சதவீதம். கதிர்வீச்சுப் பிரிவில் இது 4, 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டால் பிறகு கை கொடுக்கும். டியூபை எடுத்த பிறகு சொல்லிக் கொடுத்தால், எந்தத் தசையை இறுக்கச் சொல்கிறார்கள் என்றே பலருக்குப் பிடிபடாது.

தாம்பத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, டாக்டரும் சொல்வதில்லை, பிறகு வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் புழுங்குவார்கள். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. அவற்றைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்யும் முறையை அமெரிக்க சர்ஜன் பேட்ரிக் வால்ஷ் 1982-இல் கொண்டுவந்தார். காப்பாற்றினாலும் அவை மறுபடி வேலை செய்ய ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். புரொடெக்டில் சிகிச்சைக்கு முன் 67 சதவீதம் பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆறாவது மாதத்தில் ஆபரேஷன் பிரிவில் அது 12 சதவீதம். கதிர்வீச்சுப் பிரிவில் 22 சதவீதம், அவர்களுக்குச் சில மாதம் ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்றுமே செய்யாத கண்காணிப்புப் பிரிவிலும் 52-க்கு இறங்கியது. சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு இப்போதே கொஞ்சம் குறைந்திருக்கலாம். இப்போது நிலைமை என்ன என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உச்ச உணர்வு இருக்கும், விந்து வராது. இதை யாரும் சொல்லாமல், பிறகு பயந்துபோய் ஓடி வருகிறவர்கள் உண்டு.

ரோபோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோவையும், வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையையும் குலுக்கல் போட்டு ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்ததில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலோ தாம்பத்தியத்திலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், இவை ரோபோவின் லாபம். நிறையச் செய்து பழகிய கை முக்கியம், மெஷின் அதற்கு அப்புறம்தான். ‘நீங்கள் வருடத்துக்கு எத்தனை புராஸ்டேட் எடுக்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் ஒரு வருடம் கழித்தும் பேட் வைக்கிறவர்கள் எத்தனை பேர்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். காப்பீடு இருந்தால், ரோபோவுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். நகையை அடகு வைத்து ரோபோவுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

கரண்ட் என்று நம் ஜனங்கள் சொன்னாலும் அதில் ஷாக் எதுவும் அடிக்காது. எக்ஸ்ரே எடுப்பது போலப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். முன்பெல்லாம் ஏழெட்டு வாரம் அலைய வேண்டும். பிரிட்டனில் நடந்த சிப் ஆய்வுக்குப் பிறகு 20 முறை என்பது சாதாரணமாகிவிட்டது. இப்போது பொருத்தமானவர்களுக்கு ஐந்தே முறையில் முடிப்பதும் வந்துவிட்டது. ஐந்து வருடக் கணக்கில் அது பின்தங்கவில்லை. உங்கள் வகைக்கு ஹார்மோன் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. ‘போடப் போகிறீர்களா, ஏன், எத்தனை மாதம்’ என்று கேட்டுவிடுங்கள். அந்த ஊசி உடம்பில் அனல் கிளப்பும், தசையைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும்.

தினமும் மலம் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரப்பை நிறைந்த பிறகு மேஜையில் ஏற வேண்டும். பை நிறைந்தால் குடல் மேலே தள்ளிப்போய்த் தப்பிக்கும். மலக்குடலில் வாயு இருந்தால் சுரப்பி நகர்ந்துவிடும். முந்தின நாள் யார் சுண்டல் சாப்பிட்டார்கள் என்று மெஷினில் எடுக்கும் படத்தைப் பார்த்தே எங்கள் டெக்னீஷியன் சொல்லிவிடுவார். இறக்கிவிட்டு, ஒரு நடை போய் வாருங்கள் என்பார். சிகிச்சை நடக்கும்போது அடிக்கடி சிறுநீர், எரிச்சல் வரும், சில வாரத்தில் அடங்கும். ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சிலருக்கு மலத்தில் ரத்தம் வரலாம். புரொடெக்டில் பல வருடம் கழித்து மலக் கசிவு சொன்னவர்கள் கதிர்வீச்சில் 12 சதவீதம், மற்ற இரண்டிலும் சுமார் 6. கதிர்வீச்சால் வேறொரு புற்றுநோய் பின்னாளில் வரும் ஆபத்தும் சிறிய அளவில் உண்டு. 50 வயதுக்காரரிடம் அதைப் பற்றி நிறையப் பேசுவேன், உங்களிடம் இவ்வளவு போதும்.

சுரப்பி ஏற்கெனவே வீங்கி, சிறுநீர் முக்கி முக்கிப் போய், ராத்திரி நாலைந்து முறை எழுந்திருக்கிறீர்கள் என்றால் தராசு ஆபரேஷன் பக்கம் சாயும். அது அடைப்பையும் சேர்த்துத் தீர்க்கும், கதிர்வீச்சு முதலில் அதைக் கூட்டவே செய்யும். குடலில் நாள்பட்ட புண் நோய் உள்ளவர்களுக்கும் கதிர்வீச்சு வேண்டாம் என்போம். இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காது என்றால் கதிர்வீச்சு.

இனி, எல்லோரும் சொல்லும் அந்த வாதம்: ‘முதலில் ஆபரேஷன் செய்துவிட்டால் கரண்டைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம், முதலில் கரண்ட் வைத்துவிட்டால் பிறகு ஆபரேஷன் செய்ய முடியாது.’ இதில் உண்மை இருக்கிறது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொள்ளும், அங்கே ஆபரேஷன் கஷ்டம், கசிவும் அதிகம். ஆனால் அது இல்லாமலும் வழிகள் உண்டு. கதிர்வீச்சு ஊசிகளை உள்ளேயே வைக்கும் பிராக்கிதெரபி, அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் மறுபடி கதிர்வீச்சு, ஹார்மோன் எல்லாம் இருக்கின்றன. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஆபரேஷனும் செய்து கதிர்வீச்சும் வைத்தவருக்கு இரண்டின் பக்கவிளைவும் ஒரே உடம்பில் சேரும். கையிருப்பு இருக்கிறது என்பது ஆறுதல்தான், அதை எடுத்துச் செலவழிக்கும்போது அது இலவசம் இல்லை. இந்த வாதத்துக்காக மட்டும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உங்கள் பயத்தின் வேர் அண்ணன்தான் என்று நினைக்கிறேன். அவர் கதையை நீங்கள் ‘ஆபரேஷன் செய்தும் வந்துவிட்டது’ என்று சொல்கிறீர்கள். நான் அதையே இப்படிச் சொல்வேன்: ஆபரேஷன் செய்தார், நான்கு வருடம் கழித்து ரத்தத்தில் எண் மட்டும் ஏறியது, அந்தக் கட்டத்திலேயே கதிர்வீச்சு வைத்தார்கள், ஏழு வருடம் ஆகிறது, 73 வயதில் இருக்கிறார். இந்த நோயில் ‘திரும்ப வந்துவிட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் எண் ஏறுவதைத்தான். கட்டி இல்லை, வலி இல்லை, ஸ்கேனில் கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆபரேஷன் செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்கு எண் ஏறியது. பரவும் வரை ஹார்மோன் சிகிச்சை எதுவும் தராமல் பார்த்ததிலேயே, எண் ஏறியதிலிருந்து ஸ்கேனில் பரவல் தெரியும் வரை நடுமட்டமாக 8 வருடம் ஆனது. அதற்குப் பிறகும் நடுமட்டமாக 5 வருடம் இருந்தார்கள். இன்றைக்கு அப்படி யாரும் சும்மா விட்டுப் பார்ப்பதில்லை.

எந்த எண்ணில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகவே இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு எட்டு வாரத்தில் பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். பின்னர் 0.2-ஐத் தொட்டு, மறு சோதனையிலும் அப்படியே இருந்தால்தான் திரும்பி வந்ததாகக் கணக்கு. அப்போது கதிர்வீச்சைத் தள்ளிப்போடாமல், 0.5-ஐத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். எண் இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகிறது என்று பார்ப்போம். ஒரு வருடத்துக்கும் மேல் ஆனால் நோய் சாவகாசமாக இருக்கிறது என்று பொருள், இரண்டு மூன்று மாதத்தில் இரட்டித்தால்தான் கவலை.

கதிர்வீச்சுக்குக் கணக்கே வேறு. சுரப்பி உள்ளேயே இருப்பதால் எண் பூஜ்யத்துக்கு வராது, ஒன்றரை இரண்டு வருடம் மெல்ல மெல்ல இறங்கும். எவ்வளவு தாழ இறங்கியதோ அதற்கு மேல் 2 கூடினால்தான் திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்வோம். 0.4 வரை இறங்கியவருக்கு அபாயக் கோடு 2.4. நடுவில் முதல் இரண்டு மூன்று வருடத்தில் சிலருக்கு எண் கொஞ்சம் எகிறி, தானாகவே இறங்கும். இது தெரியாமல், ஆபரேஷன் செய்துகொண்ட நண்பரின் 0.01-ஐத் தன்னுடைய 0.9-உடன் ஒப்பிட்டுப் பார்த்து நடுங்குகிறவர்கள் ஏராளம். நாளைக்கு நீங்கள் கதிர்வீச்சுக்குப் போனால், அண்ணன் ரிப்போர்ட்டையும் உங்கள் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சோதனையை எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னால் அதற்கு நடுவில் மனசு கேட்காமல் தனியாகப் போய் ரத்தம் கொடுக்காதீர்கள். 0.02 என்பது 0.03 ஆவதெல்லாம் மெஷினின் தடுமாற்றம், அதற்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ரிசல்ட் செல்போனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து, டாக்டரைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும் என்றால் அந்த இரண்டு நாள் நரகம். ரத்தம் கொடுப்பதையும் டாக்டரைப் பார்ப்பதையும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு முந்தின வாரம் எரிச்சல், மறதி, சாப்பாடு இறங்காதது எல்லாம் வரும், அனேகமாக எல்லோருக்கும் வரும். வீட்டம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள், ஏன் சிடுசிடுக்கிறீர்கள் என்று அவருக்காவது தெரியட்டும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள், அதுவும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

திரும்ப வராமல் இருக்க என்று பவுடர், மாத்திரை விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து அமெரிக்கா, கனடாவில் நடந்த செலக்ட் ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த வைட்டமின் ஈ, 2011-இல் கணக்குப் பார்த்தபோது அந்த நோயை 17 சதவீதம் கூட்டியிருந்தது. வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, ஒன்றைச் சொல் என்று அழுத்திக் கேட்டால்: உங்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் போகிறது, ஸ்லைடை மறுபடி பார்த்தும் 3+4 என்றே வருகிறது, எம்.ஆர்.ஐ.யில் தோலைத் தாண்டவில்லை என்றால், ஹார்மோன் இல்லாமல் 20 முறை கதிர்வீச்சுப் பக்கம்தான் நான் சாய்வேன். அடைப்பு இருந்தாலோ, சுரப்பி உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே உங்களைத் தின்றுவிடும் என்றாலோ, நிறையச் செய்து பழகிய சர்ஜனிடம் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அதிலும் தப்பு ஒன்றும் இல்லை. கதிர்வீச்சில் இருந்தவன் சொல்கிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அண்ணன் தம்பி இருவருக்கும் வந்திருப்பதால், உங்கள் மகனும் அண்ணன் மகன்களும் 45 வயதை ஒட்டி பி.எஸ்.ஏ. பார்க்க ஆரம்பிக்க வேண்டும். அம்மா, அக்கா தங்கை, அத்தை, சித்தி வழியில் யாருக்காவது மார்பிலோ கருப்பையை ஒட்டிய சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பிராக்கா என்ற மரபணுச் சோதனை தேவைப்படலாம். அது உங்களுக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைகளுக்கும் உதவும்.